லாரியா, செருப்பா?

— இப்பக் கண்ணைத் திறங்க, அண்ணி! கம்ப்யூட்டர் திரையில மேல பாருங்க... பட்டன் வரிசையில.

— அட! அந்த மஞ்சள் மூஞ்சி மூணும் எங்கே, தம்பி?

— தூக்கிட்டேன்! மூணு பட்டனுக்கும் மூணு படம். நானே வரைஞ்சது!

— நல்ல காரியம் பண்ணே! பில் போடவும் அதே சிரிப்பு, சரக்கு அனுப்பவும் அதே சிரிப்பு, எல்லாத்தையும் அழிக்கவும் அதே சிரிப்பு. போன வாரம் மாத்தி அமுக்கிட்டு நான் முழிச்ச முழி இருக்கே...

— அன்னிக்கு வந்த ஆர்டர் மொத்தமும் காலி!

— மெதுவாப் பேசுப்பா! இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா திரும்ப குடோன்ல பெட்டி கட்டத்தான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இப்ப பக்கத்துலயே நின்னு பார்க்க வர்றாராம்.

— வரட்டுமே! முதல் படம் என்ன, சொல்லுங்க.

— ம்... செருப்பு?

— அண்ணி! அது லாரி!

— லாரியா! ஒத்தைச் செருப்பு மாதிரில்ல இருக்கு...

— டிரைவர் மீசை, நம்பர் பலகை எல்லாம் வரைஞ்சேனே... சுருங்கினதும் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிச்சு.

— பட்டன்ல மீசை எதுக்குடா!

— சிரிக்காதீங்க, இருங்க... மீசை போச்சு. ஒரு பெட்டி, ரெண்டு சக்கரம். பட்டனையும் பெருசாக்கிட்டேன்... இப்ப?

— அட்ரா சக்கை! லாரியேதான்!

— நடுவுல?

— தாளு... பில்லு! கடைசில செக்கச் செவேல்னு குப்பைத்தொட்டி. அது பக்கமே போக மாட்டேன், சாமி!

— சரி, சும்மா விரலை மட்டும் காட்டுங்க. சரக்கு அனுப்பணும்!

— லாரி!

— பில்லு!

— தாளு!

— அழிக்கணும்!

— உன் மண்டையை! இந்தா, தொட்டி!

— பிச்சு உதறுறீங்க, அண்ணி! படம் நல்லா வேலை செய்யுது!

— படத்தைப் பார்த்தா காட்டினேன்? கீழே பேரு போட்டிருக்குல்ல... அதைப் படிச்சுத்தான்.

— படிச்சீங்களா?

— ஏன், பளிச்சுன்னுதானே தெரியுது!

— எங்கே, லாரிக்குக் கீழே என்ன போட்டிருக்கு, படிங்க!

— அப்புறம் படிக்கிறேன்ப்பா! அதோ, மேனேஜர் வந்துட்டாரு...

— கீழே இருந்த பேரையெல்லாம் காலையிலேயே எடுத்துட்டேன், அண்ணி. நீங்க கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறதைக் கவனிச்சுத்தான் இந்தப் படமே போட்டேன்... தைரியமா லாரியை அமுக்குங்க, சாயங்காலம் கண் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.