‘வாங்க’ என்றொரு வைஃபை

மத்தியானம் பன்னிரண்டே முக்கால்…

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நெருக்கி உட்காருங்கள். நேஹா, அந்தப் போனைக் கவிழ்த்து வை. இது நம் தீபக்கின் பெரியப்பா மகன் மனோஜ்குமார் வீட்டில் நடந்தது. தீபக் வாயால் கேட்டது. சொல்லி முடிக்கும்வரை அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கருமத்தம்பட்டியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. ஒரு பக்கம் மூடிப்போன மில்லின் காம்பவுண்டுச் சுவர். இன்னொரு பக்கம் முள்காடு. உச்சி வெயிலில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. ரோடு முடிகிற இடத்தில் மனோஜ்குமார் வீடு. முன்னால் தறிக்குடோன், அதைத் தாண்டி வீடு, மேலே ஒரு மாடி.

பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வரும். திருப்ப இடம் போதாது என்று கேட்டுக்கு நாற்பது அடி முன்னாலேயே நின்றுவிடும். அவன் மகள் ரித்திகா இறங்குவாள். யுகேஜி. அதே நேரத்தில்தான் குடோனில் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்துவார்கள். காலையிலிருந்து காதை அடைத்த டக்டக் சத்தம் சட்டென்று நிற்கும்… அப்புறம் வெயில் மட்டும்தான்.

மனோஜுக்கு சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டு மாடியிலிருந்தே பார்ப்பான். அதனால் குடோனில் ஒரு வைஃபை பெட்டி, ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று. போனோடு நடந்தால், பக்கத்தில் இருக்கிற பெட்டிக்குப் போன் தானாக மாறிக்கொள்ளும்.

அவன் அப்பா தம்பிதுரை ஒரு மரியாதைப் பைத்தியம். நம் பக்கத்தில் எல்லோருக்கும் அது கொஞ்சம் உண்டு, கோழியை விரட்டினால்கூட ‘போங்க’ என்போம். அவருக்கு முற்றிப்போயிருந்தது. “ஊட்டுக்கு வந்தவியள நிக்க வெச்சு பாஸ்வேர்டு கேக்க உடறது என்ன பழக்கம் கண்ணு?” என்று மகனிடம் சண்டை. கடைசியில் விருந்தாளிகளுக்கென்று தனியாக, பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு வைஃபை போட்டார்கள். பெயர் அவர் வைத்ததுதான். ‘வாங்க’. கேட்டுக்குள் யார் கால் வைத்தாலும் அவர்கள் போனில் ‘வாங்க’ என்று வரும். மனிதருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆடி மாதம் ஒரு காலையில், ஒன்பது மணிக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. நெட் திணற ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். பிறகு நாளுக்கு நாள் அதிகம். மீட்டிங் நடுவே குரல் இழுக்கும், படம் உறைந்து நிற்கும். மேனேஜர் இரண்டு தரம் கடிந்துகொண்டுவிட்டார். மனோஜ் பெட்டிகளை அணைத்துப் போட்டுப் பார்த்தான். சாஃப்ட்வேரைப் புதுப்பித்தான். சேனலை மாற்றினான். ஒன்றுக்கும் மசியவில்லை. சரி என்று ரூட்டரின் லாக்கைத் திறந்தான். எந்தப் போன் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று ரூட்டர் தானே எழுதி வைக்கிற பட்டியல் அது.

12.46, ‘வாங்க’வில் இணைந்தது, குடோன்.
12.49, ஹால்.
12.51, மாடி.

மறுநாளும் அதே. 12.46. குடோன். ஹால். மாடி. அதற்கு மறுநாளும்… நடக்கிற வேகத்தில் யாரோ உள்ளே வந்து படியேறுகிறார்கள். போனின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒவ்வொரு போனுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. இதற்குப் பன்னிரண்டும் சைபர். வந்ததற்கெல்லாம் வரி இருந்தது. போனதற்கு ஒரு வரிகூட இல்லை.

கீழே ரூட்டர் கூட்டிப் போட்டிருந்தது. ‘வாங்க’வில் தற்போது இருப்பவை: இருபத்து மூன்று.

வீட்டில் அப்போது அவனும், மனைவி புவனாவும், குழந்தையும்தான்.

ரூட்டர் கோளாறு என்றுதான் நினைத்தான். படித்தவன் அல்லவா. எந்தெந்த நாள் அந்த வரி இல்லை என்று தேடினான். சனி, ஞாயிறு இல்லை. சுதந்திர தினத்தன்று இல்லை. நடுவில் ஒரு செவ்வாயும் புதனும் இல்லை. அந்த இரண்டு நாள் என்ன நடந்தது?… ரித்திகாவுக்குக் காய்ச்சல். ஸ்கூலுக்குப் போகவில்லை.

மனோஜ் அவள் புத்தகப்பையைக் கட்டிலில் கொட்டினான். தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ், கிரேயான். போன் மாதிரி எதுவும் இல்லை. புவனாவைக் கூப்பிட்டான்.

“மத்தியானத்துல பாப்பாவ கேட்டுக்குப் போயி நீதான கூட்டிட்டு வர்ற?”

“நானெங்கீங்க போறேன்? குடோன்ல ஆளுகளச் சோத்துக்கு உக்கார வெச்சுட்டு, கணக்கு முடிச்சுப்போட்டு வாரதுக்குள்ள ஒண்ணாயிருது. நீங்கதான எறங்கிப் போறீங்க?”

முன்பெல்லாம் தம்பிதுரை போவார். அவர் போனபிறகு இவள் போகிறாள் என்று அவனும், அவன் போகிறான் என்று இவளும்… குழந்தை மட்டும் தினம் பத்திரமாக மாடிக்கு வந்துவிடும். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

வேன் ஓட்டுகிற நிஜாமுக்குப் போன் போட்டான்.

“ஏனுங்க நிஜாம், பாப்பாவ எறக்கி உட்டுட்டு, கேட்டு வரைக்கும் நீங்க வருவீங்களா?”

“இல்லீங்ணா, நான் வண்டிய உட்டே எறங்கறதில்லீங்க. அதான் கேட்டுகிட்ட தெனமும் ஆள் நிக்கறாங்களேங்ணா. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க.”

“யாரு?”

“தெனமும் ஒவ்வொருத்தருங்ணா. ஒருநாள் பாத்த ஆள மறுநாள் பாக்கல. பெரியவரு தவறுன ஊடு, சொந்தபந்தம் வந்து தங்கியிருக்காங்கன்னு நெனச்சேன்.”

மனோஜ் போனை வைத்தான். புவனாதான் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பட்டியலை மேலே மேலே தள்ளி, அந்தச் சைபர் எண்ணின் முதல் வரிக்குப் போனாள். அது தம்பிதுரை இறந்த நாள். 12.46. வாசலில் பந்தல் போட்டு உடம்பைக் கிடத்தியிருந்த நேரம். காலையில் ஸ்கூலுக்குப் போன குழந்தை அன்றைக்கும் வேனில்தான் வந்தாள். அந்தக் கூட்டத்தில் அவளை யார் உள்ளே கூட்டிவந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புவனா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏனுங்க… எளவூட்டுல யாராச்சும் வந்தவியள வாங்கன்னு கூப்பிடுவாங்களா? மாமா தலமாட்டுல உக்காந்திருந்த நாமெல்லாம் வாயத் தொறக்கல. இந்தப் பொட்டிய அமத்தோணும்னு நம்ம ஒருத்தருக்கும் தோணலீங்களே. நாளெல்லாம் அது வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டே இருந்திருக்குதே.”

வந்தது தம்பிதுரையாக இருக்குமோ என்று கேட்காதீர்கள். நானும் தீபக்கிடம் கேட்டேன். “பெரியப்பா ஒரு ஆளுங்க. இது இருபத்து மூணு” என்றான்.

மறுநாள் ரித்திகாவை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. கேட்டுக்குப் பூட்டுப் போட்டான். புவனா ஹாலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மனோஜ் மாடிக்குப் போனான். குழந்தை தன் குழந்தை, அதன்மேல் வேறு யாருக்கும் உரிமை கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பன்னிரண்டே முக்காலுக்குத் தறி நின்றது. டக்டக் சத்தம் ஓய்ந்ததும் ‘வாங்க’வை அணைத்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை…

அப்புறம் லாக்கில் ஒரு வரி விழுந்தது. விலகியது, மாடி. அவன் முதுகுக்குப் பின்னால் காற்று அசைந்தது. வாடின சம்பங்கி மாலை வாசம், அதோடு சாம்பிராணி. இன்னொரு வரி. விலகியது, மாடி. இன்னொன்று. அவன் திரும்பவில்லை. உதட்டுக்குள் எண்ணினான். ஒன்பது… பத்து… கீழே வாசற்படியில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. சரக்… சரக்… அவசரமே இல்லாமல், ஒருவர் போட்டு முடித்ததும் அடுத்தவர். பதினெட்டு… பத்தொன்பது… கீழே சமையலறையில் குக்கர் விசில் கேட்டது. அடுப்பை அணைக்கப் புவனா எழுந்து உள்ளே போகிற கொலுசுச் சத்தமும் கேட்டது.

இருபத்து மூன்று. வாசம் போய்விட்டது. மனோஜ் ஒரு பெருமூச்சு விட்டான். ஒரு மாதமாக இல்லாத நிம்மதி. சிரித்தபடியே படியிறங்கினான்.

வாசற்படியில் ரித்திகா தனியாக நின்றிருந்தாள். வெறும் வெயிலைப் பார்த்து, தாத்தா பழக்கியபடி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி.

ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டான். “யாரக் கண்ணு கும்பிடற?”

“ஊட்டுக்கு வந்தவியளத்தானுங்கப்பா. எல்லாரும் கெளம்பிட்டாங்க. இத்தன நாளு உங்கூட்டுல இருந்தம், நீயும் ஒருக்கா எங்கூட்டுக்கு வரோணும் அம்மணின்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“சரிங்க, வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

கேட்டில் பூட்டு அப்படியே தொங்கியது. ரோட்டில் ஓர் ஆள் இல்லை. அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டபோதுதான் அவன் கையில் தட்டுப்பட்டது. குழந்தையின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. வாசல் முழுக்கத் தேடினான். மற்றது இல்லை.

“இன்னொன்னு எங்க கண்ணு?”

“அவிய எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. அங்க வந்து போட்டுக்கச் சொன்னாங்க.”