நான் நீக்காத ஒற்றை ஸ்டார்கள்

மழை பெய்ததற்காக ஒரு பெண்ணின் ரேட்டிங்கைக் குறைப்பது நியாயமில்லை, மேடம். விசாரணை அதிகாரியான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் விதியே அப்படித்தான் சொல்கிறது. லிஃப்ட் ஓடவில்லை, குழந்தை அழுதது, வந்தவளின் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இல்லை என்று எழுதி ஒற்றை ஸ்டார் போடுகிற வாடிக்கையாளர்கள் நிறைய. அவற்றைத் தேடிப் பிடித்து நீக்குவதுதான் என் வேலை. வீடு தேடிப் போய் முடி வெட்டி, முகத்துக்குப் பூச்சு போட்டுவிடுகிற பெண்களின் பிழைப்பே அந்த ஸ்டார்களில்தான் இருக்கிறது. நேர்மையாகச் செய்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் எனக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். டீ சொல்லும்போதுகூட, தராசுக்குச் சர்க்கரையைப் பார்த்துப் போடுங்கள், ஒரு பக்கம் சாய்ந்துவிடப் போகிறது என்பார்கள். எனக்கு அந்தக் கிண்டல் பிடித்திருந்தது.

என் மனைவியும் நம் நிறுவனத்துக்காகத்தான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்களைப் பற்றிய கருத்துகள் வந்தால் வேறு ஆளிடம் மாற்றிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் மாற்றவில்லை. அவள் என் மனைவி என்று இங்கே யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் இந்த ஆபீஸில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பிரிவு என்று கேட்டபோது, ஏதோ சரிபார்க்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் அவளைப் பற்றி வந்ததெல்லாம் பாராட்டுதான். கை பட்டாலே கண் சொக்குகிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன், இந்த அக்கா பேசுகிற பேச்சு அப்படி என்று இன்னொருத்தி. அவ்வளவு பேசுகிறவளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் பையை மூலையில் வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, நான் கேட்பதற்கெல்லாம் ‘உம்’ கொட்டுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவள். ஆனாலும் சிரிப்பையெல்லாம் ஊரார் வீட்டில் கொடுத்துவிட்டு எனக்கென்று களைப்பை மட்டும் கொண்டுவருகிறாள் என்று தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அது வலித்தது.

பிறகுதான் அந்த மழை நாள். ஈரக் காலோடு உள்ளே வந்தாள் என்று அவளுக்கு ஒரு ஒற்றை ஸ்டார் வந்தது. நீக்கப் போனேன். சொந்த மனைவிக்கு நானே சலுகை காட்டலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. விட்டுவிட்டேன். நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, மேடம். யாரோ போட்டது, போட்டபடி இருந்தது. அடுத்து இன்னொன்று வந்தது. ஆள் கறுப்பு, அழகு வேலைக்கு வந்தவள் மாதிரியே இல்லை என்று. அன்று காலையில்தான் அதே காரணத்துக்காக வேறொரு பெண்ணுக்கு வந்ததை நீக்கியிருந்தேன். இவளுடையதை விட்டேன்.

அதைப் படித்த பிறகு, வேலைக்குக் கிளம்பும்முன் அவள் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நிற்க ஆரம்பித்தாள். மற்றவர்களுக்குப் பூசுகிற வெளுப்பு கிரீமை எடுத்துத் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள். கன்னம் சிவந்து தோல் உரிந்தது. நான்தான் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை. சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு என் பக்கத்திலேயே இருந்தாள். மறைக்க என்ன இருக்கிறது, அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

ரேட்டிங் இறங்கினால் ஆர்டர் நின்றுபோகும், வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பக்கத்துத் தெரு ஆர்டர்கள் நல்ல ரேட்டிங் உள்ளவர்களுக்குப் போயின. யாரும் எடுக்காத தூரத்து ஆர்டர்கள் அவளுக்கு வந்தன. ஸ்கூட்டரில் முன்னால் பையை வைத்துக்கொண்டு ஊர் எல்லை தாண்டிப் போய்வந்தாள். ஆர்டர் பிரிப்பது வேறு பிரிவு, எனக்கு அது தெரியாது என்று போன விசாரணையில் சொன்னேன். தெரியும். இந்த ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் தயங்கித் தயங்கி, ஆபீஸில் யாரிடமாவது சொல்லிப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். சிபாரிசு தப்பு என்றேன். கேட்டதற்காக அவளே கூனிக் குறுகிப் போனாள். பிறகு முறைப்படி மேல்முறையீடு செய்தாள். அது என்னிடம்தான் வந்தது. பரிசீலித்தோம், உங்கள் மதிப்பீடுகள் நியாயமானவை என்று உறுதி செய்கிறோம் என்ற வழக்கமான பதிலை அனுப்பினேன். கையோடு, அவளுக்கு வந்த ஐந்து ஸ்டார்களில் சிலவற்றைத் தெரிந்தவர்கள் போட்டிருக்கலாம் என்று குறித்து நீக்கினேன். அந்தப் பிரசவப் பெண் எழுதியதும் அதில் போயிற்று.

சாயங்காலம் அந்தப் பதிலை எனக்கே வாசித்துக் காட்டினாள். நியாயமானவை என்ற இடத்தில் குரல் உடைந்தது.

“நான் நெஜமாவே மோசமாத்தான் பண்றேனாங்க?”

“இத்தனை பேர் சொல்றாங்கன்னா ஏதாவது இருக்கும்ல.”

அப்படித்தான் சொன்னேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

லாரி மோதி அவள் போன பிறகு எல்லாவற்றையும் சரிசெய்தேன். நீக்க வேண்டியவற்றை நீக்கி, எடுத்த ஐந்து ஸ்டார்களைத் திரும்பப் போட்டேன். இப்போது அவளுக்கு நாலு புள்ளி ஒன்பது. அதையும் விதிப்படிதான் செய்தேன். அவள் தங்கை, என் மச்சினி, நிறுவனத்தின் ஆப்பில் அக்காவின் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பாளாம். செத்தவளின் ரேட்டிங் எப்படி ஏறும் என்று அவள் கொடுத்த புகாரால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையை விடு என்று நேராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா விட்டிருப்பாளே என்று மச்சினி கேட்கிறாள். உண்மைதான், விட்டிருப்பாள். ஆனால் அது எனக்காக விட்டதாக ஆகிவிடும். மனசுக்குள் ஒரு குறை கிடந்துகொண்டே இருக்கும். தன்னால் முடியாது என்று அவளே நம்பி, போக வேறு இடமில்லாமல் என்னிடம் வர வேண்டும் என்று இருந்தது எனக்கு. அதை அன்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசி நாள் மதியம் எனக்கு போன் செய்தாள். ஊருக்கு வெளியே ஏதோ புதுக் குடியிருப்பு. கதவைத் திறந்தவள் போனில் இவள் ரேட்டிங்கைப் பார்த்துவிட்டு, உள்ளே விடாமலே திருப்பி அனுப்பிவிட்டாளாம். பேச்சுக்கு நடுவே பெரிய வண்டிகள் போகிற சத்தம் கேட்டது.

“என்னால முடியலங்க. இதோட விட்டுடறேன். நான் வீட்டுக்கே வந்துடறேன்.”

கண்ணை மறைக்கிற அழுகை அது. ஓரமாக உட்கார், நான் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அழுகை அடங்கினால் மனசு மாறிவிடுவாள் என்று பயந்தேன். அழுகையோடு அழுகையாகக் கிளம்பி சீக்கிரம் வா என்று சொன்னேன்.