எதிரே நிற்கிற பிள்ளை

— கால் வளையாது மாரக்கா. கோலாட்டம் ஆடினதால கால் வளைஞ்சு போன பிள்ளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. வேற என்ன கேக்கணும்? கேளுங்க.

— கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. ஏழு வயசுப் புள்ளைங்க. அதனால கேட்டேன்.

— கோபமில்லை. காலையில இருந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை, அவ்வளவுதான். ஒருத்தர் வந்து, ஆடினா பிள்ளை வளராதாமேங்கறார். இன்னொரு அம்மா, ஆடக் கத்துக்கிட்டா சேலத்துக்கு ஓடிப் போய் சினிமாவுல சேர்ந்துருவாளாங்கறாங்க. ரெண்டாம் வகுப்புப் பிள்ளை! வீட்டுக்குப் போறதுக்குள்ள சிலேட்டைத் தொலைக்கறவ, சேலத்துக்கு வழி கண்டுபிடிச்சு ஓடுவாளாம்.

— நானும் கடலைக்காட்டுல இருந்து நேரா வாரேனுங்க. கையைக்கூடக் கழுவல.

— கீழே உக்காராதீங்க. பெஞ்சு இருக்கு பாருங்க.

— இருக்கட்டுங்க, சீலையெல்லாம் மண்ணு. எம் புள்ளைக்கு என்னங்க உடுத்தோணும்?

— எது இருக்கோ அதைத் துவைச்சுக் கட்டி அனுப்புங்க. பட்டுப் பாவாடைக்கு எங்கே போறதுன்னு யாரும் கடைக்கு ஓட வேண்டாம்.

— ஆண்டு விழாவுக்கு ஆம்பளைங்களும் வருவாங்களாங்க?

— பிள்ளைகளோட அப்பாமார் எல்லாருமே வருவாங்க.

— பொழுது உழுந்து தானுங்க ஆட்டம்? இருட்டா இருக்குமுங்களா?

— பெட்ரோமாக்ஸ் விளக்கு சொல்லியிருக்கு. இந்த யுத்த காலத்துல மண்ணெண்ணெய்க்கு நான் நாயா அலைஞ்சது எனக்குத்தான் தெரியும். பட்டப்பகல் மாதிரி இருக்கும், பயப்படாதீங்க.

— அத்தனை வெளிச்சமாங்க.

— ஏன், வெளிச்சம் ஆகாதா?

— மூஞ்சியை மூடிட்டு ஆடற ஆட்டம் எதாச்சும் இல்லீங்களா டீச்சரம்மா?

— இதை இன்னைக்கு வேற யாரும் கேக்கலை! எதுக்கு மூடணும்? சாலா மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? வகுப்புல தாளம் தப்பாத பிள்ளை அவ ஒருத்திதான்.

— சும்மா கேட்டேனுங்க. அவளுக்கு எதுத்தாப்புல யாருங்க நிக்கறது?

— சௌந்திரம்.

— பண்ணாடி மகளுங்களா.

— ஆமா. நீங்க கூலிக்குப் போற அதே பண்ணாடியோட மகள்தான். ஓகோ! இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சது இதுக்குத்தானா?

— மாத்தி உடுங்க சாமி. எம் புள்ளை ஓரத்துல நிக்கட்டும். இல்லீன்னா ஆட்டமே வேண்டாமுங்க.

— முடியாது. இதைப் பாருங்க, உங்க தெருப் பிள்ளை நடுவுல நின்னு ஆடணும்னு தலைமை வாத்தியாரோட மல்லுக்கட்டி, தொண்டைத் தண்ணி வத்திப்போய் உக்காந்திருக்கேன். பி.ஏ. படிச்ச திமிருன்னார். திமிர்தான். எங்கப்பா இதே ஆட்டையாம்பட்டியில தறிக்குழியில கிடந்து நெய்து படிக்க வெச்ச திமிர். இப்போ நீங்களே வந்து அவளை ஓரத்துல நிறுத்துங்கறீங்க! பண்ணாடி ஆள் அனுப்பினாரா?

— இல்லீங்க. அவரு ஒண்ணும் சொல்லலீங்க.

— அப்போ அவர் சம்சாரம்.

— அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்துப் பேசறதே இல்லீங்க.

— தெரியும். சாலா கை சௌந்திரம் கை மேல பட்டா தீட்டு. அதுதானே?

— தீட்டுன்னா ஊட்டுக்குப் போயி ஒரு குடம் தண்ணி ஊத்திக்குவாங்க. அதோட தீந்துதுங்க. அதுக்கா நான் பாதி வேலையில ஓடியாருவேன்?

— பின்னே யாருக்குப் பயப்படறீங்க?

— எங்க ஊட்டுக்காரருக்குங்க.

— ஆட்டம் கூடாதுன்னு அடிக்கிறாரா? வரச் சொல்லுங்க, நான் பேசறேன்.

— அடிக்கற மனுசன் இல்லீங்க. சாலான்னா அவருக்கு உசுரு. அலுத்துச் சலிச்சு வந்த மனுசன், சோறுகூடத் திங்காம உக்காந்து அவளுக்குக் கோலு செதுக்கறாரு. விழாவுக்கு மொத ஆளாப் போயி எடம் புடிக்கறேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு.

— அப்புறம் என்னதாங்க உங்களுக்கு? எனக்கு அலுத்துப்போச்சு மாரக்கா. உங்களுக்காகத்தான் சண்டை போடறேன். நீங்களே குறுக்கே வந்து நின்னா நான் யாரோட சண்டை போடறது? அவங்க ரெண்டு பேரும் ஒரே உயரம், ஒரே கைவீச்சு. எதிரெதிரே நின்னா பார்க்கறவங்க கண்ணை எடுக்க மாட்டாங்க.

— அதுக்குத்தானுங்க வந்தேன். தனித்தனியாப் பாத்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணாதுங்க. அந்தப் புள்ளை பண்ணையத்து ஊட்டுக்குள்ள, இவ எங்க தெருவுல. இத்தனை வருசமும் அப்படியே ஓட்டிட்டேனுங்க.

— என்ன தோணாது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— பண்ணாடி கூப்பிட்டப்ப மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு வழியில்லீங்க. எதிரெதிரே நிறுத்தி வெளக்கையும் புடிச்சீங்கன்னா, ரெண்டு புள்ளைக்கும் அவரு மூஞ்சிதானுங்க. எங்க ஊட்டுக்காரரு இன்னும் அதைப் பாக்கலீங்க.