மூன்று டிஸ்க்கும் ஒரே மேசையில்

2024 அக்டோபர் மூன்று, வியாழக்கிழமை, மாலை நாலேகால். இந்தக் கூடத்தில் அறுபத்தொரு பேர் இருக்கிறோம். நம் சர்வரில் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு நில வரைபடங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டடத்துக்கு வெளியே அவற்றுக்கு இருக்கும் நகல் ஒன்றே ஒன்று. அதற்கு இன்று பதிமூன்று நாள் வயது.

இந்தக் கணக்கை வாராவாரம் நம் காதில் போட்டுக்கொண்டிருந்தவர் இன்று இல்லை. அதனால், அவருக்குக் கீழே வேலை பார்த்த நான் சொல்லித் தொடங்குகிறேன்.

மேடையில் வீற்றிருக்கும் நம் நில அளவை நிறுவனத்தின் தலைவர் அச்சுத வாரியர் அவர்களே! நிர்வாக மேலாளர் லளிதாம்பிகை சேச்சி அவர்களே! திருச்சூர் அலுவலகத்தின் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரசன்னா சேச்சி அவர்களே, உங்கள் கணவருக்கு அஞ்சலி செலுத்தத்தான் கூடியிருக்கிறோம். என் பேச்சில் காரம் இருந்தால் அது உங்கள் மேல் இல்லை.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நம் கணினிப் பிரிவுத் தலைவர் திரு. கே. பி. சுகதன் அமைதியானவர், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று நான்கு பேரும் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும், அது பொய். சுகதன் சார் பேசினார். கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். யாரும் கேட்காததால் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பெயர் அமைதியா?

அவருடைய ஏற்பாடு மிகவும் எளிமையானது. மொத்தம் மூன்று டிஸ்க். அன்றாட வேலையின் நகல் ஒவ்வொரு மாலையும் ஒன்றில் ஏறும். அது இங்கேயே இருக்கும். மற்ற இரண்டும் முறை மாற்றிக்கொள்ளும். ஒன்று அலுவலகத்தில் என்றால் இன்னொன்று சேர்ப்பு என்ற ஊரில் அவர் வீட்டு அலமாரியில். வெள்ளிக்கிழமைதோறும் மாற்றுவார். தீயோ தண்ணீரோ திருடனோ ஒரே நாளில் இரண்டு ஊருக்கு வரமாட்டான் என்பதுதான் அதன் அடிப்படை.

ஒன்பது வருடம், ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. பஸ்ஸில் பையை மேலே வைக்கமாட்டார், மடியில்தான். ஒருநாள் கண்டக்டர் வம்புக்கு இழுத்தார்: "என்ன சாரே, நெய்மீனா? இந்தப் பிடி பிடிக்கிறீங்க! கீழ வெச்சுட்டு வசதியா உக்காருங்க."

"மீனா இருந்தா கீழதான்டா வெச்சிருப்பேன். போனா வேற வாங்கிக்கலாம்" என்றார் சார். அருகில் நான் இருந்தேன். பஸ்ஸே சிரித்தது.

சரி, சென்ற வருட நவராத்திரிப் பூஜை வைப்புக்கு வருவோம். இதைப் பற்றி இன்று யாருமே பேசவில்லை. ஏன் பேசவில்லை?

அளவு நாடாவும் கருவிகளும் கணினிகளும் சரஸ்வதி முன்னால் ஓய்வெடுக்கும், விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. நம் வழக்கம்; சர்வருக்கும் வீட்டு டிஸ்க்குக்கும் மட்டும் அதுவரை விலக்கு இருந்தது. அதில் எனக்குத் தகராறு இல்லை. சுகதன் சாருக்கும் இருந்ததில்லை. லளிதாம்பிகை சேச்சியிடம் அவர் கேட்டது இரண்டே இரண்டு. நானும் அங்கே நின்றிருந்தேன், அதனால் அப்படியே சொல்கிறேன்.

"சேச்சி, சர்வரை மட்டும் நிறுத்தாதீங்க. நாலு வருஷமா நிக்காம ஓடுற டிஸ்க். ஒருதடவை நின்னுச்சுன்னா மறுபடி சுத்தும்னு சொல்ல முடியாது."

"நல்லாருக்கே! பூஜைக்கு வெச்சதும் ஓடும், வேலையும் நடக்கும்னா அதுக்குப் பேரு பூஜையா சாரே?"

"சரி, போகட்டும். வீட்டுல இருக்கிற டிஸ்க்காவது அங்கேயே இருக்கட்டும்."

"அதுவும் ஆபீஸ் சாமான்தானே? எல்லாத்தையும் வெச்சுட்டு அதை மட்டும் ஒளிச்சு வெச்சா அம்மா கோவிச்சுக்க மாட்டாளா?"

எல்லோரும் சிரித்தோம். "ஒரு வருஷந்தானே சாரே, என்ன ஆயிடப்போகுது?" என்று கேட்டது யார்? நான்! பொறியியல் படித்த நான்! சேர்ப்புக்கு பைக்கில் போய் அந்த டிஸ்க்கை எடுத்து வந்ததும் நான்தான். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்று டிஸ்க்கும் ஒரே மேசையில், ஒரே சிவப்புப் பட்டின்மேல், ஒரே கூரைக்குக் கீழ்! அத்தனை வருடம் ஒருவர் மடியில் வைத்துப் பிரித்துப் பிரித்துக் காத்ததை ஒரு மாலையில் சேர்த்துவிட்டோம்.

அந்த இரண்டு நாளும் மழை கொட்டியது. கூரைத் தளத்தில் இருந்த விரிசலை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டுமா? விஜயதசமி காலையில் கதவைத் திறந்தோம். பட்டு ஊறிப்போயிருந்தது. மூன்று டிஸ்க்கும் நனைந்திருந்தன. சர்வரை ஓடவிட்டோம். டக், டக் என்று இரண்டு சத்தம். அவ்வளவுதான்.

எறணாகுளத்தில் ஒரு நிபுணர் ஒரு டிஸ்க்கை உயிர்ப்பித்தார், அதுவும் முழுமையாக இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு வரைபடங்கள் போயின. யாரால் போனது என்று சுகதன் சார் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆனால் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். ஒருவர் நம் முகப்பில் நின்று கத்தினார்: "என் கிணத்துக்கு இந்தப் பக்கமா வேலி போட்டுட்டான்யா பக்கத்து வீட்டுக்காரன்! அளந்த படம் உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னீங்களே, எங்கே அது? எலி தின்னுட்டுதா?"

தவறு செய்த நாமெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தோம். தடுக்கப் பார்த்தவர் வெளியே போய்த் தலைகுனிந்து நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்வேயரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அந்தக் கிணற்றடிக்கே போனார். "எனக்கு அளக்கத் தெரியாது. நாடா பிடிக்கத் தெரியும்" என்றார். அப்படிப் பதினொரு ஞாயிறு போனார்.

அதோடு பதினான்கு பக்கத்தில் ஒரு திட்டமும் எழுதினார். எந்த டிஸ்க் எங்கே, எத்தனை நாள் பழைய நகல் கையில் இருக்கவேண்டும், சர்வர் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழ வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

வாரியர் சார், உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் "மழை முடியட்டும் சுகதா" என்றீர்கள். மழை முடிந்ததும் "ஆடிட் முடியட்டும்" என்றீர்கள். பிறகு "ஓணம் கழியட்டும்" என்றீர்கள். ஓணம் கழிந்தது. அடுத்த ஞாயிறு காலை, வாசலில் செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. திட்டம் கையெழுத்தில்லாமல் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது.

ஐந்து நாள் கழித்துப் பிரசன்னா சேச்சி எனக்குப் போன் செய்தார். "மோனே, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பெட்டியை மாத்தணுமே, யாரும் வரலையே?" துக்க வீட்டில் இருந்தவருக்கு ஞாபகம் இருந்தது. சம்பளம் வாங்கும் எனக்கு இல்லை! அன்றும் நான் போகவில்லை; அதனால்தான் அந்த நகலுக்குப் பதிமூன்று நாள் வயது.

இன்று காலை லளிதாம்பிகை சேச்சி என்னிடம் வந்தார். "அடுத்த வியாழன் பூஜை வைப்பு. சார் வீட்டுல இருக்கிற டிஸ்க்கைக் கொண்டு வா மோனே. அவரோட படத்துக்கு முன்னாடி, நட்ட நடுவுல வைப்போம். அவருக்கு அதைவிட என்ன மரியாதை?" என்றார். சேச்சி கண்ணீரோடுதான் சொன்னார். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. ஆனால் சேச்சி, அவர் உயிரோடு இருந்தபோது வேண்டாம் என்று கெஞ்சியதை, அவர் இறந்த பிறகு அவர் பெயரிலேயே செய்வது மரியாதையா? கொண்டுவரமாட்டேன். இந்த அறுபத்தொரு பேர் முன்னால் சொல்கிறேன், கொண்டுவரமாட்டேன்!

சுகதன் சாருக்கு மாலை போட்டாயிற்று. இனி நான் செய்யப்போவது இவை:

1. நாளை வெள்ளி. சேர்ப்புக்குப் போய் டிஸ்க்கை மாற்றுவேன். பிரசன்னா சேச்சி சம்மதித்தால் அதே அலமாரியில் வைப்பேன்.

2. திங்கள் காலை பத்து மணிக்கு வாரியர் சார் அறையில் இருப்பேன். கையெழுத்தான பிறகுதான் எழுந்திருப்பேன்.

3. பூஜைக்கு ஒரு டிஸ்க் கொடுப்பேன். சென்ற வருடம் நின்றுபோனதே, அதை. ஓடுகிற சர்வரை யாரும் தொடமுடியாது. அந்த அறைச் சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.

4. மாதத்தின் முதல் சனிக்கிழமை, நகலிலிருந்து இருபது வரைபடங்களை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத நகலை இனி நகல் என்று கணக்கில் சொல்லமாட்டேன்.

5. வரைபடம் தொலைந்த நிலங்களில் நாற்பத்து மூன்றை சார் மறுபடி அளக்கவைத்து மீட்டிருக்கிறார். அக்டோபர் இருபது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நாடாவை நான் பிடிப்பேன்.

6. திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் 'பொறுப்பாளர் இல்லாவிட்டால் யார்?' என்று ஒரு வரி இருக்கிறது. பதினொரு மாதமாகக் காலி. சார் என்னிடம் இரண்டு முறை கேட்டார், நான் நழுவினேன். இப்போது பொறுப்பாளர் இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காகிதம் இதோ, இந்த மேசையில். முதலில் யார் எழுந்து வருகிறீர்கள்?