இரண்டாவது அட்டை

கைரேகை எடுப்பதில் பாதி வேலை, வந்தவரின் கையைத் தளர வைப்பதுதான். பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறேன். வெளிநாட்டில் குடியேற விண்ணப்பிப்பவர்கள் எங்கள் அட்டஸ்டேஷன் ஆபீசுக்கு வருவார்கள். நான் அவர்கள் விரல்களை மையில் உருட்டி அட்டையில் பதிப்பேன். அட்டை போலீஸ் ஆவணப் பிரிவுக்குப் போகும். இவர் மீது குற்றம் ஏதும் இல்லை என்று நாற்பது நாளில் சான்றிதழ் வரும். பிறகு நோட்டரி, அமைச்சகம், தூதரகம் என்று முத்திரை வாங்கித் தருவோம். ஒரு முத்திரை வரிசை தப்பினால் போச்சு, எல்லாம் முதலிலிருந்து.

கொத்தனாரை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. அவர் மனைவிக்கு வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, மகளும் அங்கேதான். இவர் போய்ச் சேர அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. ஆனால் இருபத்தைந்து வருஷ சிமெண்ட் அவர் விரல்களைத் தின்றுவிட்டிருந்தது. ரேகை தெளிவில்லை என்று அட்டை இரண்டு முறை திரும்பி வந்தது.

"இந்தத் தடவையாவது விழுமாண்ணே? அடுத்த மாசக் கடைசியோட விசா கெடு முடியுது. பாப்பா போன்ல என்னை அங்கிள்ங்குது," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

மூன்றாம் முறையும் பத்துக் கட்டங்களிலும் வெறும் கறுப்புத் தீற்றல். ஒன்று கெட்டுப்போனாலும் ஆளை அலையவிட வேண்டாமே என்று இரண்டு அட்டைகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவது எங்கள் வழக்கம். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, இரண்டாவது அட்டையில் என் விரல்களை உருட்டினேன். அழகாக விழுந்தன. கஷ்டப்படுகிற மனிதருக்குப் பத்து விரல் இரவல் கொடுத்தேன், அவ்வளவுதான்.

சான்றிதழ் வரவில்லை. கொத்தனாரைத் தேடி போலீஸ் வந்தது.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய வழக்கு. ஒரு வீட்டின் மேல்மாடிக்காரர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் செத்துக் கிடந்தார். மூடியின் விளிம்பில் யாருடையவை என்று தெரியாத விரல் பதிவுகள். அட்டையோடு அவை பொருந்தின. கொத்தனார் கெஞ்சிப் பார்த்தார். மறுபடி ரேகை எடுத்தார்கள், ஒன்றும் விழவில்லை. தப்பிப்பதற்காக வேண்டுமென்றே தேய்த்துக்கொண்டான் என்றார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் அவர் வேலை செய்ததையும் தோண்டி எடுத்தார்கள். கொத்தனார் எந்தத் தெருவில்தான் வேலை செய்யவில்லை?

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அட்டையில் இருப்பது அவர் ரேகைதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பத்தொன்பது வருஷத்தில் என் அட்டை ஒன்றுகூட ஆள் மாறியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வேலையை உதறிவிட்டு மகளோடு ஓடி வந்திருந்த அவர் மனைவி, கோர்ட் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஒரு ஈ எறும்பைக்கூட மிதிக்க மாட்டாருண்ணே. நீங்க பழகுனவரு, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"தைரியமா இரும்மா," என்றேன். குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். மறுவாரம் ஆயுள் தண்டனை ஆனது.

மேல்மாடிக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அப்போது கீழ்வீட்டில் குடியிருந்தேன்; வழக்கில் என் ரேகையை யாரும் கேட்கவில்லை. எனக்கு வரும் தண்ணீரை அவர் அடிக்கடி அடைத்துவைப்பார். அன்று தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கியிருந்தார். நான் மூடியைப் போட்டு, வால்வைத் திறந்துவிட்டு, மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் தட்டினார். நல்ல வெயில் அன்றைக்கு.

கொத்தனாரின் மேல்முறையீட்டுக்காக விசாரிக்க நேற்று நீங்கள் வந்து, என் மோதிர விரல் தழும்பையும் அட்டையில் அதே விரலில் ஓடும் வெள்ளைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தபோதே, இனி மறைத்துப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. தொட்டி விஷயத்தைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொத்தனாருக்கு நான் செய்தது உதவி. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிவுகளை வைத்திருப்பார்கள் என்று நான் கண்டேனா?

நீங்கள் காட்டுகிற செய்தி என் போனிலிருந்து போனதுதான். வெளிநாட்டில் இருக்கும் என் மகனுக்கு அனுப்பியது; என்னையும் அங்கே வந்து குடியேறச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். தேதியும் சரிதான், இரண்டாவது அட்டையைத் தபாலில் சேர்த்த அதே மத்தியானம்: 'அவசரப்படாதே தம்பி. எனக்குச் சான்றிதழ் கிடைக்குமா கிடைக்காதா என்பது நாற்பது நாளில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு விண்ணப்பிக்கிறேன்.'