வேலை இல்லாத வால்வ்

இல்ல பாப்பா, இன்னும் முடியல. அந்த டார்ச்சைக் கொஞ்சம் கீழ காட்டு. அங்க இல்ல, டர்போவுக்குப் பின்னாடி. ஆங், அப்படியே பிடி. போல்ட்டைக் கொண்டுபோய் எங்க வெச்சிருக்கான் பாரு! இந்த வண்டியச் செஞ்சவனுக்குக் கையே கிடையாது போல. இருந்திருந்தா இந்தச் சந்துல ஸ்பேனரை எப்படித் திருப்புறதுன்னு யோசிச்சிருப்பான்ல?

எதைக் கழட்டுறேனா? சோலனாய்டு வால்வுன்னு ஒண்ணு. கரண்ட் வந்தா திறக்கும், வரலன்னா மூடிக்கும், அவ்வளவுதான் அதோட பொழப்பு. முன்னாடி இதுல ஒரு காத்துப் பம்பு இருந்துச்சு, அதுக்காக வெச்சது. பம்பு கெட்டுப்போச்சுன்னு உன் வீட்டுக்காரர் எங்கயோ குடுத்துக் கழட்டிட்டார். கழட்டினவன் வால்வை மட்டும் அப்படியே விட்டுட்டான். ஆள் காலி பண்ணின வீட்டுக்கு வாட்ச்மேன் மாதிரி உக்காந்திருக்கு.

கிடந்துட்டுப் போகட்டுமாவா? உனக்கு எல்லாமே கிடந்துட்டுப் போகட்டும்தான். அதோட ட்யூப் வெடிச்சுப்போய்க் காத்து ஒழுகுதும்மா. மேடு ஏறுறப்போ வண்டி மூச்சு வாங்கும். அட ச்சீ, சனியனே! ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஸ்பேனர் வழுக்கிடுச்சு. ரத்தம்லாம் இல்ல, தோல்தான் போயிருக்கு. நீ ஏன் அப்படிப் பதறுற? உன்னையா திட்டினேன், ஸ்பேனரைத்தான திட்டினேன்.

போன் அடிக்குது பாரு. அவரா? அண்ணன் இன்னும் முடிக்கலன்னு சொல்லிடு. பழிய என் மேல போடு, பரவாயில்ல.

வெச்சுட்டாரா? சரி. கழட்டினதோட தீந்துடாது பாப்பா, ஓட்டைய அடைக்கணும். அப்புறம் வால்வ் இருந்த வயர்ல ஒரு சின்ன ரெசிஸ்டர் மாட்டணும். எதுக்கா? வண்டியோட கம்ப்யூட்டர் வால்வ் அங்கயே இருக்குன்னு நம்பணும்ல. இல்லன்னா ஸ்டியரிங்குக்கு முன்னாடி இருக்குற வார்னிங் லைட்டை எரியவிட்டு மானத்தை வாங்கிடும். எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு ஓயாம பொய் சொல்றதுக்கு ஒரு குட்டித் துண்டு. நீ போன்ல அம்மாகிட்ட பேசுறியே, அதே வேலை.

முறைக்காத. டார்ச்சைப் பிடி.

இங்க பாரு, இந்த வால்வ் என்ன பாவம் பண்ணுச்சு? என் எரிச்சலே வேற. வீட்டுல ஒரு சண்டைன்னா மாப்பிள்ளை உன்னை வண்டியோட இங்க அனுப்பிடுறார், உங்கண்ணன்கிட்ட சரி பண்ணி எடுத்துட்டு வான்னு. நானும் மாங்கு மாங்குன்னு பாத்து, துடைச்சு, உன்னை உள்ள உக்காரவெச்சு டாட்டா காட்டிடுறேன். வண்டி நல்லா ஓடுதுன்னா எல்லாம் நல்லா ஓடுதுன்னு நமக்கு ஒரு நெனப்பு. அவகிட்ட என்னன்னு கேளுங்கன்னு உங்க அண்ணி தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. காதுல வாங்கினேனா நான்?

என்ன, இருட்டுறதுக்குள்ள போயாகணுமா? பெட்டியக்கூட வாசல்ல கொண்டாந்து வெச்சுட்டியா?

சரி, டார்ச்சை அணைச்சிடு. கைய நீட்டு. இதான் அந்த வால்வ். ஆமா, என் பாக்கெட்லதான் இருந்துச்சு. மத்தியானமே கழட்டியாச்சு. ரெசிஸ்டரும் மாட்டியாச்சு, லைட்டும் எரியல, ஒரு ரவுண்டுகூட ஓட்டிப் பாத்துட்டேன். இவ்வளவு நேரமும் நல்லா இருந்த ஒரு போல்ட்டைத்தான் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருந்தேன். உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

காலைல நான் பானட்டை டம்முன்னு சாத்தினேன்ல? நீ ரெண்டு கையாலயும் முகத்தை மறைச்சுக்கிட்டுச் சுவரோட ஒட்டி நின்ன. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, கண்ணுல தூசின்னு சொன்ன.

சாவியக் குடு பாப்பா. வண்டிய நானே கொண்டுபோய் அவர் வாசல்ல விட்டுட்டு பஸ்ல வந்துடுறேன். நீ பெட்டிய உள்ள எடுத்துட்டுப் போ.