சிவப்புப் பட்டையை எடுக்கச் சொல்லி வந்தவரிடம்

எடுத்துடுறேண்ணே, எடுத்துடுறேன். மாட்டேன்னு சொல்லவே இல்லையே. அவசரத்துல பாஸ்வேர்டு தப்புத் தப்பா விழுது. கதவ மட்டும் லேசாத் திறந்து வெச்சுக்கலாமா? வேணாமா... சரி சரி, நீங்க அங்கயே நில்லுங்க.

மெதுவாப் பேசுங்கண்ணே, கெஞ்சிக் கேக்குறேன். உள்ள என் பொண்ணு தூங்குறா. அவளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ஐயோ, உங்க முதலாளி மேல எனக்கென்னண்ணே கோவம்? அவர் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. இந்த இணையக் கலைக்களஞ்சியத்துல யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம். சம்பளமெல்லாம் கிடையாது. வீட்டு வேலைய முடிச்சிட்டு நானும் வந்து உக்காருவேன். கட்டுரைல சந்தேகமா ஏதாவது இருந்தா மேல ஒரு எச்சரிக்கைப் பட்டை வருமே, அதச் செய்யறது நான். உங்க கம்பெனி இருமல் மருந்தப் பத்தின பக்கத்துல, குழந்தைக்கு இவ்வளவு குடுக்கலாம்னு யாரோ ஒரு அளவு போட்டிருந்தாங்க. ஆதாரம் ஒண்ணுமே இல்ல.

மொதல்ல சாம்பல் கலர்லதாண்ணே வெச்சேன். கோர்ட்டு பாஷைல மூணு வரி. என் கொழுந்தன்கிட்ட காட்டி, படிச்சியாடான்னு கேட்டா, விளம்பரம்னு நெனச்சுத் தள்ளிட்டேன் அண்ணிங்கறான். சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரலண்ணே. இருமி இருமி அழுற பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு ஒத்தக் கையில போன் பாக்குறவ மூணு வரி படிப்பாளா? அதான் சிவப்பாக்கி, பெரிய எழுத்துல ஒரே வரி. இந்த அளவை நம்பாதீங்க, டாக்டரைக் கேளுங்க. அவ்வளவுதான். நல்லாப் புரிஞ்சுடுச்சு போல. வியாபாரம் படுத்துடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க.

நக்கல் இல்லண்ணே! சத்தியமா பயத்துல உளறுறேன். அந்தக் கத்திய உள்ள வெச்சுடுங்களேன்.

இதோ, உள்ள போயிட்டேன். பட்டைய அழிச்சாச்சு. இதுவா? ஒண்ணுமில்லண்ணே, எத மாத்தினாலும் ஏன் மாத்தினோம்னு கீழ ஒரு வரி எழுதணும், எங்க வழக்கம். எழுதாம விட்டா அடுத்த நிமிஷமே யாராச்சும் திருப்பிப் போட்டுடுவாங்க. அவ்வளவுதான். பாருங்க, சிவப்பே இல்ல.

கிளம்புறீங்களா? ரொம்ப சந்தோஷம்ணே.

என்ன காரணம் எழுதினேன்னா? எனக்குப் பொய் எழுத வரலண்ணே. மருந்துக் கம்பெனி ஆள் கத்தியோட என் வீட்டுல நிக்கிறார், அவர் சொல்லித்தான் எடுக்கிறேன்னு எழுதி, விலாசத்தையும் போட்டுட்டேன். உங்க முதலாளியும் சேத்து, அந்தப் பக்கத்தக் கவனிக்கிறவங்க எல்லாருக்கும் இந்நேரம் போயிருக்கும். அந்த வரிய நானே நெனச்சாலும் அழிக்க முடியாது. கத்தாதீங்கண்ணே, பொண்ணு முழிச்சுக்குவா.

என்னோடது இல்ல, உங்க போன்தான் அடிக்குது. எடுங்கண்ணே. முதலாளியாத்தான் இருக்கும்.